டெல்லிக் காட்டில் எங்கள் ஊர் மரம்

வியாழன், இரவு

அப்பாவும் அம்மாவும் முதுகுளத்தூரிலிருந்து வந்து இன்றோடு நான்கு நாள். செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்கு சரோஜினி நகர் சந்தை பிடித்துப் போய்விட்டது, இனி அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது. அப்பாதான் எங்கே கூட்டிப்போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஹூமாயூன் கல்லறையில் இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பார்க்காமல் புல்வெளிக்கு எப்படித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று மாலை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். முனிர்க்காவில் நான் இருக்கும் அறையிலிருந்து பக்கம். படியேறி சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மலைக் கோயில்னு சொன்னியேத்தா, மலை எங்கிட்டு இருக்கு?"

நாங்கள் நின்றுகொண்டிருந்ததே மலைதான். அரவல்லியின் வால். குஜராத்தில் கிளம்பி ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறத்தாழ 700 கி.மீ. வரும் மலைத்தொடர் டெல்லிக்குள் நுழைந்து, தேய்ந்து, வடக்கே வஜீராபாத் பக்கம் யமுனையைத் தொட்டு முடிந்துவிடுகிறது. உலகத்தின் மிகப் பழைய மலைகளில் ஒன்று என்பதால் இந்தத் தேய்மானம். இங்கே யாரும் அதை மலை என்பதில்லை, 'ரிட்ஜ்' என்பார்கள். திருப்பரங்குன்றத்தைப் பார்த்த கண்ணுக்கு இது வெறும் மேடு.

"காடு இருக்கா அதுல?" என்றார். நான்கு நாளில் அவராகக் கேட்டதே இந்த இரண்டு கேள்விதான். நாளை வெள்ளி, எனக்கு விடுப்பு பாக்கி இருக்கிறது. சரி, மூன்று நாள் நடக்கலாம் என்று முடிவாகிவிட்டது. அம்மா வரவில்லை. "காட்டப் பாக்கவா ரெண்டு நாள் ரயில்ல வந்தேன்?" என்று கேட்டுவிட்டார். நியாயம்தான்.

வெள்ளி

இன்று எழுத அதிகமில்லை. பாதி நேரம் வண்டியிலேயே போய்விட்டது.

அரவல்லி பல்லுயிர்ப் பூங்கா என்று டெல்லியில் ஒன்று உண்டு, வசந்த விஹார் பக்கம். அதே பெயரில் குருகிராமிலும் ஒன்று உண்டு. செயலியில் நான் எதைத் தட்டினேனோ, ஓட்டுநர் எதைப் புரிந்துகொண்டாரோ, குருகிராம் போகும் நெடுஞ்சாலையில் ஏறின பிறகுதான் சுதாரித்தேன். திரும்பி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வசந்த விஹார் பூங்கா 692 ஏக்கர். ஒரு காலத்தில் முழுக்கத் தோண்டிப்போட்ட சுரங்கக் காடு. இப்போதும் தரையில் வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்குகிறது. அப்பா குனிந்து ஒரு செதிலை எடுத்து விரலில் தேய்த்துவிட்டு, "காக்காப்பொன்னு" என்றார். அபிரகத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் அதைச் சேர்த்துவைத்துப் பணக்காரி ஆகிவிட்டதாக நம்பியிருக்கிறேன்.

தோண்டிய பள்ளங்களை 2004 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்து ஆட்கள் காடாக மாற்றிவருகிறார்கள். ஒரு பள்ளத்தில் பெரணிகள், ஒன்றில் ஆர்க்கிட் செடிகள், ஒன்றில் பட்டாம்பூச்சிகள். மேலே வெயிலும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும் பள்ளத்தின் குணத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம். பிப்ரவரிக் கடைசி என்பதால் முள்ளிலவு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நின்றன.

ஆனால் அப்பா நின்றது வேறு இடத்தில். வேலியோரம். கையை இடுப்பில் வைத்து ஒரு மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கிளையை வளைத்து இலையை உருவினார், முள்ளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டெல்லி வந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"இந்தா, இவன் எப்ப வந்தான் டெல்லிக்கு?"

சீமைக்கருவை.

சனி

இன்று சஞ்சய் வன், குதுப் மினார் பக்கத்துக் காடு. மூன்று நாளில் நடை என்று சொல்லத்தக்கது இதுதான். குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியா வாசலில் நுழைந்து, உள்ளே ஒரு வளையம் அடித்து, அதே வாசலில் வெளியே வந்தோம். கைபேசிக் கணக்குப்படி 7.4 கி.மீ. அதில் ஒரு கிலோமீட்டராவது வழி தவறியது. ஏற்றம் பெரிதாக இல்லை. ஆனால் கல்லும் சரளையும் காலடியில் உருளும். செருப்போடு வந்தவர்கள் திண்டாடினார்கள். அப்பாவுக்கு என் வற்புறுத்தலில் வாங்கிய ஷூ. "காலுக்கு மூச்சு முட்டுது" என்று வழி முழுக்கப் புலம்பல்.

காலை 6:45. உள்ளே போய்ப் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் அதே மரம்தான். இங்கே அது வேலியோரப் புதர் இல்லை, அடி பருத்து, வளைந்து, மேலே கை கோத்துக் கூரை போட்டு நிற்கிறது. இளம் வெயில் அதன் சிறு இலைகளுக்குள் சல்லடையாக விழுந்தது. எனக்கு முன்னால் நடந்த ஒரு குழு "என்ன அழகான காடு" என்று இந்தியில் வியந்துகொண்டு போனது. அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். வெற்றிலை போடாத வாயால் 'த்தூ' என்றார்.

இந்த மரத்துக்கு இந்தியில் 'விலாயதி கீகர்'. விலாயத் என்றால் வெளிநாடு, நம் சீமை. கீகர் என்றால் கருவேலம். ஆக, ஊர் மாறினாலும் பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் அதேதான். நாட்டுக்கருவை இங்கே 'தேசி கீகர்'. ஒரே மரத்தைப் பார்த்து இரண்டு ஊர் சனங்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது: இது நம்முடையது இல்லை.

மெக்சிகோ பக்கத்து மரம். 1870களில் சென்னை மாகாண வனத்துறைக்காரர்கள் விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக விதை கேட்டு வாங்கி, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். டெல்லியில் புதுத் தலைநகர் கட்ட ஆரம்பித்தபோது பின்னால் தெரியும் மொட்டைப் பாறைமேடு பச்சையாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். என்னென்னவோ நட்டார்கள். தண்ணீர் கேட்காமல், ஆட்டுக்கும் இரையாகாமல் பிழைத்தது இது. இலையை ஆடு தொடாது, நெற்றை மட்டும் தின்னும், தின்றுவிட்டு விதையைப் புழுக்கையோடு போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டே போகும். அடியில் வேறு எதையும் சுலபத்தில் முளைக்க விடாது. இன்றைக்கு ரிட்ஜ் என்றாலே பெரும்பகுதி இந்த மரம்தான்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வர, அப்பா, "எங்க ஐயா காலத்துல ஏரோப்ளேன்ல வந்து வெதை தூவுனாங்கன்னு சொல்லுவாரு" என்றார். இந்தக் கதையை எங்கள் பக்கத்தில் எல்லாக் கிழவர்களும் சொல்வார்கள், தூவின ஆள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

ஏரி ஒன்றின் கரையில் வழி திரும்பியது. அங்கே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடியிருப்புகளின் கழிவுநீர்தான் இந்தக் காட்டின் நீர்நிலைகளுக்கு வரத்து. எவ்வளவு சுத்தம் செய்து விடுகிறார்கள் என்பதை வாடையே சொல்லிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரிலும் நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு சந்தோஷமாகத்தான் திரிந்தன. கரையில் ஆடாதொடை மண்டிக்கிடந்தது, வெள்ளைப் பூ வைத்து. அப்பா இரண்டு இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டார், அம்மாவின் இருமலுக்கு. பறிக்கக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

பறவைகள் விஷயத்தில் அவர் எனக்கு ஆசானாகிவிட்டார். ஆறு வருடமாக டெல்லியில் எழுந்து கேட்கும் ஒரு கத்தலை 'ஏதோ பறவை' என்று விட்டிருந்தேன். "ஆள்காட்டி கத்துது, யாரோ வாராங்க" என்றார். சொல்லி முடிக்க, திருப்பத்தில் இரண்டு பேர் ஓட்டப் பயிற்சியில் வந்தார்கள். வால்காக்கை, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி வந்தார். சாம்பல் இருவாச்சி ஜோடி ஒன்று தலைக்கு மேல் இறக்கையடித்து இறக்கையடித்துச் சறுக்கிக்கொண்டு போனது. அது மட்டும் அவருக்குப் புதிது. "மூக்குல என்ன கொம்பா?" என்றபடி கழுத்து வலிக்கும் வரை பார்த்தார்.

அப்புறம் கோட்டைச் சுவர். இதற்காகத்தான் நான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். 11ஆம் நூற்றாண்டில் தோமர் அரசன் அனங்கபாலன் கட்டிய லால் கோட். அதன் இடிபாடு இந்தக் காட்டுக்குள் கல்லும் மண்ணுமாக ஓடுகிறது. லால் கோட் என்றால் செங்கோட்டை. ஷாஜஹானின் செங்கோட்டைக்கு 600 வருடம் மூத்த செங்கோட்டை. அங்கே சீட்டு வாங்க வரிசையில் நின்றோம், இங்கே சுவர்மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

மேலே ஏறினால் ஒரு பக்கம் மரக்கடலுக்கு மேல் குதுப் மினார் தலை நீட்டுகிறது. 73 மீட்டர் கோபுரத்தைக் காட்டுக்குள்ளிருந்து பார்க்கிறபோதுதான் அதன் உயரம் உறைத்தது. சுவரில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

சாப்பிட்டபடியே அப்பா கரிமூட்டம் பற்றிப் பேசினார். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் முழுசாகக் கேட்டதில்லை. மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கம் விவசாயம் என்றால் இதுதான். கருவையை வெட்டி, அளவாகத் துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, மேலே சருகும் பச்சை இலையும் போட்டு, சேறு பூசி மூடி, நெருப்பு வைத்துவிடுவார்கள். எரியக் கூடாது, புழுங்க வேண்டும்.

"ராத்திரி முழிச்சுக் கெடக்கணும்த்தா. பூச்சு விட்டு ஓட்டை விழுந்துச்சுன்னா ஒடனே சேறு அப்பணும். கண்ணசந்தோம்னா காலையில சாம்பல்தான் மிஞ்சும். நீ காலேசு சேந்த வருசம் ரெண்டு மூட்டம் அப்பிடிப் போச்சு."

மிச்ச மூட்டங்கள் போகவில்லை. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தக் கரிதான். கண்மாயைத் தூர்த்தது, நிலத்தைக் கெடுத்தது, அப்பாவின் இடது பாதத்தில் முள் ஏறிச் சீழ்பிடித்து ஒரு மாதம் படுக்கவைத்தது, இத்தனை செய்த மரம்தான் என்னை டெல்லிக்கும் அனுப்பியது. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊர்க் கண்மாயில் இயந்திரம் இறங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். இரண்டு மழையில் தூரிலிருந்து தழைத்து முன்னைவிட அடர்ந்து நின்றது. வேரோடு பிடுங்காமல் வெட்டுவது அதற்கு முடி வெட்டிவிடுவது மாதிரி.

சுவரிலிருந்து இறங்கியபோதுதான் வழி தப்பியது. ஒற்றையடிப் பாதைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன, கைபேசி வரைபடம் எங்களை ஒரு முள்புதருக்குள் நிற்கவைத்தது. ஒரு பழைய சமாதியை மூன்று தடவை சுற்றினோம். சஞ்சய் வனத்தில் பேய் உலாவுவதாக டெல்லிக்காரர்களிடம் ஏகப்பட்ட கதைகள் உண்டு, வெள்ளைச் சேலை, குழந்தை அழுகை எல்லாம். சொன்னேன். "இந்த முள்ளுக்குள்ள பேய் எப்பிடி நடக்கும்?" என்றார் அப்பா. பிறகு வெயில் எந்தத் தோளில் விழுகிறது என்று பார்த்து, மாட்டுச் சாணம் கிடந்த ஒரு தடத்தைப் பிடித்தார். இருபது நிமிடத்தில் வாசல்.

ஞாயிறு

அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயம், டெல்லியின் தெற்கு ஓரம், துக்ளகாபாத் தாண்டி. 32.71 சதுர கி.மீ. துப்பாக்கி சுடும் தளத்துக்குப் பக்கத்து வாசல். வழிகாட்டி ஒருவரோடு கொஞ்சம் வண்டியிலும் மிச்சம் நடந்தும் போனோம்.

வாசலில் குரங்குகள்தான் வரவேற்பு. 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம், நகரத்தில் தொல்லை செய்யும் குரங்குகளைப் பிடித்து இங்கே விடச் சொன்னது. ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அரசாங்க அலுவலகங்களில் கோப்பு கிழித்த அனுபவசாலிகளின் பிள்ளை குட்டிகள் இவை. சாப்பாடு கொண்டுபோகாதீர்கள் என்று வழிகாட்டி சொன்னார், நான் எலுமிச்சைச் சோற்றைப் பைக்குள் வைத்து 'இல்லை' என்று தலையாட்டினேன். ஜிப்பை ஒரு குரங்கு திறந்த லாவகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊறுகாயை மட்டும் முகர்ந்துவிட்டு என் காலடியில் வைத்துவிட்டுப் போனது.

பட்டி என்பது சுரங்கக் கிராமம். பதர்பூர் என்று டெல்லிக் கொத்தனார்கள் சொல்லும் சிவப்பு மணல் இங்கிருந்துதான் போனது. தெற்கு டெல்லியின் சுவர்களுக்குள் இந்த மலை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தோண்டுவது நின்றது, பள்ளங்கள் நின்றன, அவற்றில் நீரும் நின்றது. பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் படைப்பிரிவு 2000 முதல் இங்கே மரம் வைத்துவருகிறது.

நீலி ஜீல் அப்படி நீர் நின்ற ஒரு பள்ளம். செங்குத்தான காவிப் பாறைகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கிற தண்ணீர். எல்லாரும் படம் எடுத்தோம். அப்பா விளிம்பில் நின்று தலையை நாலு திக்கும் திருப்பினார்.

"வரத்துக்கால் எங்க?"

இல்லை.

"மடை? கலுங்கு?"

இல்லை. இது சுரங்கம், அப்பா.

"அப்ப இது குட்டை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகளோடு சேர்த்துவிட்டார். தண்ணீரைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்கிற மனிதருக்கு அழகைக் காட்டிப் பயனில்லை. அவர் கேட்டதும்தான் எனக்கும் அந்தத் தண்ணீர் சும்மா நிற்பது தெரிந்தது.

போகிற வழியில் நீல்காய் ஒன்று சட்டென்று குறுக்கே வந்து நின்றது, குதிரை உடம்பும் மாட்டு முகமுமாக. எங்களை மதிக்கவே இல்லை. சிறுத்தைகள் இருக்கின்றன, கேமராவில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருக்கும்.

வழிகாட்டி கடைசியாக ஒரு மரத்தைக் காட்டினார். தௌ. பாறை இடுக்கில் வேர்விட்டு, கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் அரவல்லியின் சொந்த மரம். ஹரியானா எல்லைக்கு அந்தப் பக்கம் மாங்கர் பனி என்ற காட்டில் முழுக்க இதுதான், அங்கே யாரும் கிளை ஒடிக்க மாட்டார்கள், குதாரியா தாஸ் பாபாவின் காடு அது என்றார். அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள், "அய்யனார் கோயில் காடு" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

கருவையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். ஒரேயடியாக வெட்டுவதில்லையாம். கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைக் கீழே விடுவது, அந்த வெளிச்சத்தில் நாட்டு மரங்களை வளர்ப்பது, கொடிகளை ஏற்றிவிட்டு அதை அமுக்குவது. வெட்டினால் மொட்டைப் பாறைதான் மிஞ்சும், பறவைகள் எங்கே போகும் என்றார். அப்பா நெடுநேரம் யோசித்தார்.

"கழிச்ச கெளையை என்ன பண்றாங்கன்னு கேளு."

கேட்கவில்லை. அடுத்த கேள்வி மூட்டம் போடுவதைப் பற்றித்தான் இருக்கும் என்று தெரியும். சரணாலயம் அது.

திங்கள், பின்னிரவு

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு மூன்று பை கூடியிருக்கிறது. அப்பா ஷூவை எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். கழுவலாம் என்று திருப்பினால் அடியில் ஒரு விரல்கடை முள், உள்ளங்கால் வரை ஏறவில்லை. மூச்சு முட்டினாலும் ஷூ வேலை செய்திருக்கிறது. ஊக்கால் நெம்பி எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து அழைத்தார்.

"ஃபரிதாபாத்துன்னு போட்டிருந்துச்சுத்தா. தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல அவன்தான் நிக்கிறான்."

தூங்குங்கப்பா என்றேன். இப்போது மறுபடி அழைப்பு. மதுரா தாண்டியாச்சாம், இன்னும் நிற்கிறதாம்.